கம்பம் நட்டாச்சு

"உங்குளுக்கே நல்லா இருக்குதுங்களா மாமா?"

ஊர்த் தலைவர் லட்சுமணசாமியை அப்படி எதிர்த்துக் கேட்டதே இல்லை வெங்கடபதி. இன்று கேட்டுவிட்டார்.

ஏன் கேட்கமாட்டார்? நொய்யல் பெருகி வந்து ஊரில் பாதி மண் வீடுகளைக் கரைத்துவிட்டது. சோளக்காடெல்லாம் மணல்மேடு. பலரும் மூட்டை கட்டிவிட்டார்கள். வெங்கடபதிக்குக் கோயமுத்தூர் மில் ஒன்றில் வேலை தயார். விடிந்தால் கிளம்ப வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து, சித்திரையில் வர வேண்டிய மாரியம்மன் நோம்பித் திருவிழாவை ஐப்பசியிலேயே ஊரறியச் சாட்டி, கோயில் முன்னால் கம்பமும் நட்டுவிட்டார் லட்சுமணசாமி.

கம்பம் நட்டால், நோம்பி முடிந்து அதைப் பிடுங்கும்வரை ஊரார் யாரும் வெளியூரில் இராத் தங்கக்கூடாது. ஊர்க்கட்டு அது. மீற யாருக்குத் தைரியம் வரும்?

"உங்குளுது ஓட்டு ஊடு, நிக்குது. எங்குளுக்கு ஒண்ட எடமில்ல. இப்ப நோம்பி ஒண்ணுதான் கொறைச்சலுங்களா?"

"ஆத்தா வாரா மாப்ளே. தெருவெல்லாம் சேறாக் கெடக்குது. மொதல்ல அதை வழிக்கலாம், வாங்க" என்று மண்வெட்டியை எடுத்தார் லட்சுமணசாமி.

கல்நெஞ்சுக்காரர் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வழித்தார்கள். சேறு மலையாகக் குவிந்தது. சும்மா கிடப்பானேன் என்று, தனியாளான பொன்னாத்தாள் அதையே குழைத்துத் தன் வீட்டுச் சுவரை வைக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்து அடுத்த வீடு. அப்புறம் தெருவே இறங்கிவிட்டது.

பொழுது சாய்ந்தால் பெண்கள் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆண்கள் தப்பட்டை மேளத்துக்கு ஆடினார்கள். அழுது வீங்கிய முகங்களில் சிரிப்பு வந்தது. வெங்கடபதிகூட ஆடினார், கோபம் தணியாமலேதான்.

கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விட்ட அன்று, கூரை ஏறாத வீடு ஊரில் இல்லை. இனி யார் வேண்டுமானாலும் போகலாம். யாரும் போகவில்லை.

வெங்கடபதி தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"மனசுல வெச்சுக்காதீங்க மாமா. நாங்க ஓடிருவோமுன்னுதான் கம்பத்தை நட்டுக் கட்டிப்போட்டீங்க. இப்பத்தான் புரியுது."

மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த லட்சுமணசாமி நிமிரவில்லை.

"தண்ணி வடிஞ்ச அன்னைக்கே, மச்சினன் ஊருக்கு ஓடிப்போக மொதல்ல வண்டி பூட்டினவன் நாந்தானுங்க மாப்ளே. எம்பட காலைக் கட்டிப்போடத்தான் கம்பத்தை நட்டேன்."