வெள்ளிக்கிழமை பஸ்

இந்த வெள்ளிக்கிழமையும் நோரா ரீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திருகோணமலை பஸ்ஸில் ஏறிவிட்டார்.

"பாத்தியளே அக்கா, போயிட்டா," என்றாள் கௌசலா. அவளுடைய மகள் ரீச்சரிடம்தான் ஆங்கிலம் படிக்கிறாள். ரீச்சர் வாடகைக்கு இருப்பது சிவனேஸ்வரியின் வீட்டில். ஆகவே கேட்கவேண்டிய ஆளிடம்தான் கேட்டாள்.

சிவனேஸ்வரியும் குறை வைக்கவில்லை. அயர்லாந்திலிருந்து புதுக்குடியிருப்புக்குப் படிப்பிக்க வந்த மனுசிக்குச் சனி ஞாயிறு இங்கே இருப்புக்கொள்ளாது, கடல் குளிப்பும் ஹோட்டலும் இல்லாமல் சரிவராது, கூட யார் நிற்கிறார்களோ அதுவும் தெரியாது என்று தாராளமாக அள்ளிக் கொட்டினாள். சந்தையிலும் கோயிலிலும் ஏற்கெனவே சொன்ன கதைதான். சொல்லச் சொல்ல அவளுக்கே அது உண்மை போல ஆகிவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ரீச்சரின் அறையைத் திறந்தாள்.

"வாங்கோ, வந்து நிமிந்து படுங்கோ," என்று கணவன் கதிர்காமநாதனைக் கூப்பிட்டாள்.

அந்த வீட்டில் ஒழுங்கான அறை அது ஒன்றுதான். கட்டிலும் அது ஒன்றுதான். வாடகைக்கு விடும்போது, பின்னால் தங்களுக்கு இன்னொரு அறை இருப்பதாக ரீச்சரிடம் சொல்லியிருந்தாள். கூரை போடாமல் நிற்கும் நாலு சுவரின் வாசலில் ஒரு பழைய சீலையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தாள், அவ்வளவுதான். கிழமை நாட்களில் இருவரும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

கதிர்காமநாதனின் முதுகில் போரில் பட்ட ஷெல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. நிலத்தில் படுத்தால் விடிய ஆள் பிடித்துத்தான் எழுப்பவேண்டும். ரீச்சர் போகிற இரண்டு இரவுகளில்தான் மனிதருக்கு நித்திரை. ஞாயிறு மத்தியானம் விரிப்பைத் தோய்த்துக் காயவைத்து, இருந்தது இருந்தபடி போட்டுவிட்டால் யாருக்கு என்ன தெரியும்?

தெரிந்தால் மானம் போய்விடும். ஊர் ரீச்சரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்வரை தன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காது என்பது சிவனேஸ்வரியின் கணக்கு.

ஆனால் சனிக்கிழமை காலையில் கௌசலா புருசனின் வான் வண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஏறுங்கோ அக்கா. கண்ணால ஒருக்காப் பாத்திட்டு, திங்கக்கிழமை இங்கிலீஷ் வகுப்புப் பொறுப்பாளரிட்டைச் சொல்லி ஆளை மாத்துவம். வயசுக்கு வந்த பிள்ளையளைப் படிப்பிக்கிற ஆள்."

ரீச்சர் போனால் வாடகையும் போகும். இப்போது மாட்டேன் என்றால் சொன்னதெல்லாம் பொய்யாகும். வேறு வழியில்லாமல் சிவனேஸ்வரி ஏறினாள்.

திருகோணமலைக்குப் பக்கத்துக் கடற்கரையான உப்புவெளியில் கௌசலா ஒரு ஹோட்டல் விடாமல் இறங்கி விசாரித்தாள். அப்படி ஒரு வெள்ளைக்காரி எங்கேயும் இல்லை. வெயில் ஏறிக் களைத்துப்போய், தேத்தண்ணி குடிக்கலாம் என்று பட்டணத்துக் கடற்கரைக்கு வந்தபோதுதான் கண்டார்கள். மரத்துக்குக் கீழே ஒரு வாங்கில் உட்கார்ந்து நோரா ரீச்சர் வெறும் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பட்டணத்தில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று வந்து அவருடைய பையை மோந்து பார்த்தது.

"நீங்கள் போய்க் கதை குடுங்கோ அக்கா. நான் வானை ஒரு பக்கமா நிப்பாட்டப் பண்ணிப்போட்டு வாறன்," என்றாள் கௌசலா.

சிவனேஸ்வரி கிட்டப் போனாள். "எந்த ஹோட்டலிலை ரீச்சர் நிக்கிறியள்?"

ரீச்சர் திடுக்கிட்டு எழுந்தார். பிடிபட்ட கள்ளனின் முழி. ஹோட்டல் ஒன்றும் இல்லை என்றார். கன்னியர் மடத்து மண்டபத்தில் இரவில் படுக்கப் பாய் தருவார்களாம். பகலில் அங்கே வகுப்பு நடப்பதால் இங்கே வந்து இருப்பாராம்.

"பாயிலை படுக்கவோ இவ்வளவு தூரம் வாறியள்? கடலிலை அவ்வளவு ஆசையோ?"

"கடல் எனக்குப் பயம்," என்றார் ரீச்சர். கொஞ்சம் தயங்கிவிட்டு, புத்தகத்தில் படித்த தமிழில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "முதல் தடவை உண்மையாக ஊர் பார்க்கப் புறப்பட்டேன். பஸ்ஸைத் தவறவிட்டேன். திரும்பி வந்தேன். ஐயா கட்டிலில் நல்ல நித்திரை. நீங்கள் குசினியில் பாயில். எழுப்ப மனம் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே ரீச்சர்."

"கேட்டால் நீங்கள் வெட்கப்படுவீர்கள். வேறு வீட்டுக்குப் போனால் உங்களுக்கு வாடகை நின்றுவிடும்."

அதைக் கேட்டதும் சிவனேஸ்வரிக்கு உடம்பெல்லாம் கூசியது. சந்தையில் சொன்னதும் கோயிலில் சொன்னதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதற்குள் கௌசலா வந்துவிட்டாள். "ரீச்சர், ஒவ்வொரு கிழமையும் இஞ்சை அப்பிடி என்ன அலுவல்?"

ரீச்சர் சிவனேஸ்வரியை ஒருமுறை பார்த்தார். பிறகு கௌசலாவிடம் திரும்பிச் சிரித்தார்.

"எனக்குக் கடல் என்றால் உயிர். குளிக்காமல் இருக்கவே முடியாது."

"கேட்டியளே அக்கா," என்றாள் கௌசலா. "நீங்கள் சொன்னது சரிதான். திங்கக்கிழமை நீங்களும் வந்து பொறுப்பாளரிட்டைச் சொல்லோணும்."

ஓம் என்று தலையாட்டினால் போதும். கட்டில் கதை இந்தக் கடற்கரையோடு போய்விடும். ரீச்சரும் அதற்குத்தான் சிரித்துக்கொண்டு நின்றார்.

"அவா பொய் சொல்லுறா கௌசலா," என்றாள் சிவனேஸ்வரி. "எங்கட வீட்டிலை கட்டில் ஒண்டுதான் இருக்குது. அதிலை என்ர மனுசன் படுக்கட்டும் எண்டுதான் அவா இஞ்சை வாறவா."