காலைப் பட்டியல்

காபி வந்ததும் தண்டாயுதபாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலைக் கையில் எடுத்தார்.

வீட்டில் யார், எத்தனை மணிக்கு, இன்டர்நெட்டில் எந்தப் பக்கம் போனார்கள் என்று அவருடைய லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டி நாள் முழுக்கக் குறித்து வைக்கும். வேவு என்று சொன்னால் கோபம் வரும். நிர்வாகம் என்பார்.

நேற்று வரை ஒயரில் மாட்டிய கம்ப்யூட்டர்கள் மட்டுமே அதில் சிக்கின. மலையில் பனிமஞ்சு இறங்கினால் போனில் சிக்னல் செத்துப்போகுது, வைஃபை போடுங்க என்று வீட்டில் கேட்டபோது மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். போன்களும் பட்டியலுக்குள் வந்து விழுமே.

நேற்று, கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இத்ரீஸ் வந்து வைஃபை ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனார்.

இன்று பார்த்தால் மனைவி ரோகிணி பெயரும் இல்லை, மகள் மணிமேகலை பெயரும் இல்லை. எல்லா வரியிலும் 'ரவுட்டர்', 'ரவுட்டர்'.

அதில் ஏழு வரிகள், திண்டுக்கல்லில் விவாகரத்து வழக்கு நடத்தும் ஒரு வக்கீலின் பக்கம்.

வாசலுக்குப் போய், கடை திறக்க அந்த வழியாகப் போன இத்ரீஸைப் பிடித்தார்.

"என்னப்பா இத்ரீசு, ஒயரை எந்த போர்ட்ல குத்தணும்னுகூடவா தெரியாது? லினக்ஸ் இருக்கிற வீட்டுல ரவுட்டரை எடுபிடியாத்தான் வைக்கணும். நீ அதைக் குடும்பத் தலைவனாக்கிட்டுப் போயிருக்க. அத்தனை போனையும் முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வச்சுக்கிட்டு நிக்குது!"

"ரெண்டு மாதிரியும் மாட்டத் தெரியும் சார். வீட்டுல கேட்டபடிதான் மாட்டினேன்."

மணிமேகலை அய்யம்பாளையத்து மாமியார் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து ரெண்டு மாசம். "சும்மா இருந்துட்டுப் போறேன்ப்பா" என்றிருந்தாள்.

 உள்ளே வந்து உட்கார்ந்ததும் சொற்பொழிவு தானாக வந்துவிட்டது. பொறுமை, அனுசரணை, முப்பத்தோரு வருஷ இல்லறம், 'உங்கம்மா ஒருநாளாவது என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பாளா' என்கிற இடம் வரை வந்தார்.

எதிரே மணிமேகலை தட்டில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பேசாம இருந்தா எப்படி? ஒரு தடவையா ரெண்டு தடவையா, ஏழு தடவை போய்ப் பார்த்திருக்க!"

ரோகிணி அவர் முன்னால் ஆறிப்போயிருந்த டம்ளரை எடுத்தாள்.

"அவ பார்த்தது ஒரு தடவைதாங்க. மத்த ஆறும் நான்."