செம்பருந்துக்கு முடிவெட்டியவன்

இப்போதெல்லாம் முடிவெட்ட வருகிறவன் தலையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணைக் கைபேசியில் வைத்துக்கொள்கிறான். என் கடை பெஞ்சில் கிடக்கும் காமிக்ஸ் புத்தகங்களை ஒருவனும் தொடுவதில்லை. ஆட்டோ ஓட்டுகிற ஆரோக்கியம்தான் புதுசு ஒன்று கொண்டுவந்தான்.

"அண்ணே, செம்பருந்துக்கு எழுதுற ஆளு மாறிட்டாராம். படிச்சுட்டு எப்படின்னு சொல்லுங்க."

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பழைய ஆள் முப்பது வருடமாகக் கதாநாயகன் செம்பருந்தின் முகமூடியைக் கழற்றவே இல்லை. புது ஆள் நாலாம் பக்கத்திலேயே அவனைச் சலூன் நாற்காலியில் உட்காரவைத்துக் கழற்றிவிட்டான். நமக்குப் பிடரிதான் தெரிகிறது. முகத்தைப் பார்த்தது முடிவெட்டுகிறவன் மட்டும். கடைசிப் பக்கத்தில் எதிரிகள் கடைக்குள் புகுந்து, "அவன் முகம் எப்படியிருக்கும்?" என்று கேட்கிறார்கள். முடிவெட்டுகிறவன் வாயைத் திறக்கிறான். அதோடு கதை நிற்கிறது.

"சொல்லிருவானாண்ணே?"

"நாப்பது வருசமா எத்தன பேரு ரகசியத்தக் கேட்டிருக்கேன். எவன்கிட்டயாச்சும் வாயத் தொறந்திருக்கேனா?"

"கத்தியக் காட்டுனா?"

"கத்தி அவன் கையிலதான்டா இருக்கு."

சொல்லிவிட்டேன். ஆனால் பிறகு எதற்கு வாயைத் திறந்தான்? ஆரோக்கியம் போனபின் அந்தப் படத்தை வாசல் வெளிச்சத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அடுத்த மாதப் புத்தகம் பேருந்து நிலையக் கடையில் தொங்கியது. அட்டையில் செம்பருந்து முகமூடியோடுதான் பறக்கிறான். அப்படியானால் அவன் சொல்லவில்லையா? இல்லை, அட்டைக்குப் பழைய படத்தையே போட்டிருப்பார்கள். பிரித்துப் பார்த்து, அவன் சொல்லியிருந்தால்? புத்தகத்தைத் தொடாமல் என் கடையைப் பார்த்து நடந்தேன்.