துரைக்கு ஓர் இடம்

மணி மூன்று நாற்பது. துரை இன்னும் போகவில்லை.

ஐந்து மணி வரைதான் கெடு. அதற்குள் ஒன்றுக்குப் போகாவிட்டால் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று, காலையில் குழாயை உருவி எடுத்துவிட்டு மருத்துவர் சொன்னார். மறுபடியும் குழாய் போட்டால் இந்த உடம்பு தாங்குமா என்று கேட்டேன். துரையின் வயிற்றைத் தடவிக் கொடுத்தார்.

துரை எங்கள் பூனை. கக்கூஸ் கோப்பையின் மேல் ஏறி, கால் மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்து காரியத்தை முடிப்பவர். பெயர் வந்ததே அதனால்தான்.

பழக்கியது நான். கோப்பைக்குள் ஒரு தட்டைப் பொருத்தி, மரத்தூள் தூவி, நடுவில் ஓட்டை போட்டு, வாரத்துக்கு ஒரு விரற்கடை அந்த ஓட்டையைப் பெரிதாக்கினேன். மூன்றாம் மாதம் தட்டையே எடுத்துவிட்டேன். மாடிவீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

எல்லாம் மாமனாருக்காக. முப்பத்திரண்டு வருடம் பரிசோதனைக் கூடத்தில் ஊரார் மூத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர். ஓய்வு பெற்றபின் வீட்டில் ஒரு சொட்டு வாடை ஆகாது. துரையை எடுத்து வந்த அன்றே, வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொள்கிறீர்கள் என்றார். அது ஒன்றுக்குப் போக மணல் தட்டு வைத்த அன்று, ஒன்று அந்தத் தட்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தான் இருக்க வேண்டும் என்றார். இரண்டு வருடமாக அவருடைய அறைக்கதவு துரைக்குத் திறந்ததில்லை.

மணலாக இருந்திருந்தால் எவ்வளவு நனைந்தது என்று தெரிந்திருக்கும். கோப்பைத் தண்ணீரில் என்ன தெரியும்? உட்கார்ந்ததைப் பார்த்தோம், சிரித்தோம், தண்ணீரைத் திறந்துவிட்டோம். இரண்டு நாள் அது சும்மாவே உட்கார்ந்து எழுந்திருக்கிறது. மூன்றாம் நாள் கல்லாக இறுகிய வயிற்றோடு குளியலறையில் சுருண்டு கிடந்தது.

இன்று காலை துரையைச் சுமந்த கூடையோடு வீட்டுக்குள் நுழைந்ததும், எதிரே நின்றவரிடம் வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன்.

"இது செத்தா உங்களாலதான் மாமா."

அவர் எப்போதும் கட்டுகிற பழுப்பு லுங்கியை இறுக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மதியம் சாப்பிடவும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவ்வளவு கோபம்.

இனிமேல் அது தாவக் கூடாது, தரையிலேயே அதற்குப் பிடித்த எதையாவது வையுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். துரைக்கு எது பிடிக்கும் என்று யார் கண்டது? கடையில் விற்கிற பூனை மணலை வாங்கிக் கொட்டினேன். மோந்துவிட்டுப் போனது. செய்தித்தாளைக் கிழித்துப் போட்டேன். தச்சுப் பட்டறைக்கு ஓடி மரத்தூள் வாங்கி வந்தேன். தொட்டியிலிருந்த செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மண்ணைப் பரப்பினேன். எதிரே வீடு கட்டுகிற இடத்தில் ஒரு சட்டி ஆற்று மணல் கேட்டேன். பூனைக்கு என்றதும் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. துரை ஒவ்வொன்றையும் மேலதிகாரி மாதிரி பார்வையிட்டுவிட்டு, கடைசியில் போய்க் குளியலறைக் கதவைப் பிறாண்டியது. பாவமாக இருந்தது. தூக்கிக் கோப்பையில் உட்கார வைத்தும் பார்த்தேன். பின்னங்கால் நடுங்கி வழுக்கியது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டது. என்னால் அதைக் கேட்க முடியவில்லை.

வேலையிலிருந்து கணவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்துகொண்டிருந்தார். இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

நாலு இருபத்தைந்துக்குத் துரையைக் காணோம்.

கட்டிலுக்கு அடியில் இல்லை. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இல்லை. சாகப்போகிற பூனை ஆள் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும் என்று யாரோ சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

அப்போதுதான் பார்த்தேன். மாமனாரின் அறைக்கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

அது உள்ளே போய் எதையாவது நனைத்திருந்தால், அவர் ஒரு அதட்டல் போட்டாலே போதும், துரையின் உயிர் அங்கேயே போய்விடும். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன்.

தரை முழுக்க வெள்ளை. ஒரு மூலையில் படுக்கை விரிப்பு. இன்னொரு மூலையில் தலையணை உறை. கட்டிலோரம் அவருடைய குளியல் துண்டு, ஜன்னலுக்குக் கீழே நான்காக மடித்த பனியன்கள். எதிலும் ஈரமில்லை.

நடுவில் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கி வைத்திருந்தார்.

மடியில் துரை குந்தியிருந்தது. வால் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய தொடையிலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு மஞ்சள் இறங்கிக்கொண்டிருந்தது. பாதத்தைச் சுற்றிச் சிறு குளமாகத் தேங்கியது.

"ஷ்... அசையாதேம்மா. இன்னும் முடிக்கலே."

நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். கூடத்தில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

துரை முடித்துவிட்டு, மண்ணை மூடுவதாக நினைத்துக்கொண்டு அவர் தொடையை இரண்டு முறை பிறாண்டியது. இறங்கிப் போய்த் துண்டின் மேல் படுத்துக்கொண்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, நனைந்த துணியை இரண்டு விரலால் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணைச் சுருக்கி வெகு நேரம் பார்த்தார்.

"ரத்தமில்லே" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் போட்டிருந்தது பரிசோதனைக் கூடத்துச் சீருடை. ஓய்வு பெற்ற நாளில் துவைத்து, தேய்த்து, அலமாரியின் அடியில் வைத்த வெள்ளைப் பேன்ட். ஆறு வருடமாக யாரையும் தொடவிடாதது.

நான் அதையே பார்ப்பதைக் கவனித்து, ஏதோ தப்புச் செய்தவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"லுங்கியில நிறம் தெரியாதும்மா."