மச்சானுக்கு எதிரே

விடிந்ததும் எழுந்தேன். அடுப்பைப் பற்றவைத்தேன். தேத்தண்ணி குடித்தேன். முகம் மழித்தேன். சட்டையை மாட்டிய பிறகுதான் இன்று ஆபீஸ் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா.

வாசலில் அழகுமுத்து நின்றார். போன வருடம் இறந்துபோன என் மனைவி வேலாயியின் அண்ணன், கல்யாணமாகாதவர். கையில் கோலாட்டக் குச்சிகள்.

“ஒரு ஆளு கொறையுது மாப்ள. தலைத்திவசந்தான் முடிஞ்சிருச்சே. வாங்க.”

எங்கள் தோட்டத்துக் கோலாட்டத்தில் கல்யாணமானவர்கள் கணவனும் மனைவியுமாகத்தான் எதிரெதிரே நிற்க வேண்டும். அதுவரை அண்ணனோடு ஆடிய வேலாயி, கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு எதிரே வந்து நின்றாள்.

அக்கரப்பத்தனைப் பக்கம் மச்சானைப்போல ஆட ஆள் கிடையாது. தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கான எனக்குக் கல்லூரிப் படிப்பு இருந்தது, தாளம் இல்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் என் குச்சி பட்டு அவள் விரல் வீங்கும். மஞ்சள் பற்றுப் போட்டுக்கொள்வாள்.

என்னைக் கட்டியதால் அவளுடைய ஆட்டமே போய்விட்டதா?

ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். பதிலும் சொன்னாள். என் மனம் நோகக் கூடாதென்று சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

அதனால்தான் மச்சானோடு போனேன். அவள் எதை விட்டுவிட்டு வந்தாள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

கோயிலடியில் வட்டம் கட்டியிருந்தார்கள். பாட்டெடுக்கும் காளியாயி என்னைக் கண்டதும் குரலை உயர்த்தினாள்.

“ஏப்பா அழகுமுத்து, வெரல எண்ணி வச்சுக்க! கிளாக்கரய்யா வந்துட்டாங்க!”

வட்டமே சிரித்தது.

“நீங்க சும்மா நீட்டுங்க மாப்ள. மத்தத நான் பாத்துக்கிறேன்,” என்றார் மச்சான்.

பாட்டுத் தொடங்கியது.

நீட்டினேன். அவர் குச்சி அங்கே இருந்தது.

தாமதமாக நீட்டினேன். அப்போதும் இருந்தது. பக்கம் மாறி நீட்டினேன். அங்கேயும்.

குனிந்தேன், திரும்பினேன், சுற்றி வந்தேன். ஓர் அடிகூடத் தப்பவில்லை. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இதுதானா அது?

நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த பாட்டில் என் கைகளை மறந்துவிட்டேன். எதிர்மலையில் பனி இறங்குவதைப் பார்த்தேன். ஆபீஸ் சாவியை எங்கே வைத்தேன் என்று யோசித்தேன். மச்சானின் முகத்தைப் பார்க்கவேண்டிய தேவையே வரவில்லை.

கொட்டாவி வந்தது. வாயைப் பொத்த முடியவில்லை. இரண்டு கையிலும் குச்சி.

அப்போதுதான் அவளுடைய பதிலை முதல்முறையாக நம்பினேன்.

போன வருடம் காய்ச்சலோடு அவளை லொறியில் ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, தூங்க விடாதீர்கள் என்று கம்பவுண்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எதையாவது பேச வேண்டுமே என்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“அண்ணன் எதிர நின்னா கை அதுபாட்டுக்குப் போகும்ங்க, எனக்குத் தூக்கம் வந்துரும். ஒங்களுக்கு எதிர நின்னுக்கிட்டு கண்ண மூட முடியுமா?”