மருமகன் வாங்கிக் கொடுத்த போன்

போன் கடையில் போய்த் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ஸுஹைறாவுக்குப் பயம். ஏழாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மருதமுனையில் பஸ் ஏறியதிலிருந்து கல்முனை வரும்வரை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

புதுப் போன். சும்மா இருந்தாலும் சுடுகிறது. மதியம் லுஹர் பாங்குக்கு முன்பே சார்ஜ் முடிகிறது. நான் ஒன்றும் செய்யவில்லை.

கடைசி வசனம்தான் முக்கியம் என்று அவளுக்குப் பட்டது. வீட்டில் மகள் ஆகிலா பழி முழுவதையும் அவள் தலையில்தான் போட்டாள். அடுப்படியில் வைத்திருப்பீங்க, கண்டதையும் அமத்தியிருப்பீங்க என்றாள். போன் வெடிக்கும் வீடியோ ஒன்றைப் பார்த்த நாளிலிருந்து ஸுஹைறா அதைத் தண்ணீர்ப் பானை மூடியின் மேல்தான் வைக்கிறாள். அங்கேயும் சுட்டது.

"இவர் சொல்றார், ஒண்டும் செய்யாதாம் உம்மா. சார்ஜில போட்டுப் போட்டுப் பாவிக்கட்டுமாம்" என்றாள் ஆகிலா.

'இவர்' என்றால் ஜெமீல். போனை வாங்கிக் கொடுத்த மருமகன். ஆகிலாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில்தான் மூன்று பேரும் இருக்கிறார்கள். ஆனால் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. அவர் வாசலில் செருமினால் இவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். சொல்ல வேண்டியதெல்லாம் ஆகிலா வழியாகப் போகும், ஆகிலா வழியாக வரும். போனும் அப்படித்தான் வந்தது.

போன் கடைப் பவிதரன் உறையைக் கழற்றினான். திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அவள் பாடமாக்கி வந்ததை அவன் கேட்கவே இல்லை.

"போன்ல பிழையில்ல அக்கா. உள்ளுக்குள்ள ஒண்டு நிக்காம ஓடுது. நீங்க எங்க நிக்கிறீங்க எண்டு ஒராளுக்கு விடாம அனுப்பிக்கொண்டிருக்கு. அதுதான் சூடு."

"ஆருக்கு?"

திரையைத் திருப்பிக் காட்டினான். வட்டத்துக்குள் ஜெமீலின் முகம்.

ஸுஹைறாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. நோன்புக்கு முந்தி ஒருநாள் மீன் மார்க்கட்டில் தலை சுற்றி விழுந்தாள். சீனி வருத்தம், நீரிழிவு. அதற்குப் பிறகு தனியாகப் போகவேண்டாம் என்று வீட்டில் ஒரே கதை. புருஷன் மௌத்தான நாளிலிருந்து பஸாருக்குத் தனியாகப் போய் வருகிறவள் அவள். முடியாது என்று சொல்லிவிட்டாள். சொல்லிக் கேட்காதவளை இப்படிப் பிடிக்கப் பார்க்கிறாரா? தங்கச்சி வீட்டில் போய்க் கதைப்பதற்கும் கணக்குக் கேட்பாரா? நான் கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு என்னையே உளவு பார்ப்பதா?

"ஆரு அக்கா இது?"

"மருமகன்."

பவிதரன் சிரித்தான். "உங்கட ஆக்கள்ல மருமகன் மாமிட முகத்தையே பாக்கமாட்டார். இவர் காலடியையும் விடல்ல போல."

"நிப்பாட்டு தம்பி அத."

நிப்பாட்டினான். மரக்கறி வாங்கி முடிவதற்குள் போன் ஆறிவிட்டது. அவளுக்கும் மனம் ஆறியது.

சந்திக்கு வந்தாள். ஓட்டோக்கார றாஸிக்கைக் காணவில்லை. எந்த நாள், எந்தச் சந்து ஒழுங்கையால் பையோடு வந்தாலும் பின்னால் வந்து நிற்பவன். "மருதமுனைக்குத்தான் போறன், ஏறுங்க சாச்சி" என்பான். காசை நீட்டினால் போகிற வழிதானே என்பான். அல்லாஹ் அனுப்பி வைக்கிறான் என்று தங்கச்சியிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

வெயில் கொளுத்தியது. காலையில் சரியாகச் சாப்பிடவும் இல்லை. கால் நடுங்கத் தொடங்க, பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் பையோடு இருந்துவிட்டாள். போன் அடித்தது.

"உம்மா, எங்க இரிக்கிறீங்க?" ஆகிலாவின் குரலில் பதற்றம். "உங்கள போன்ல காணல்லயாம். இவர் இறக்காமத்து மில்லுல வேலையப் போட்டுட்டு வெளிக்கிட்டுட்டார். றாஸிக் மார்க்கட்டெல்லாம் தேடிக்கொண்டு திரியிறானாம்."

"றாஸிக் என்னத்துக்குத் தேடுறான்?"

ஆகிலா உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"அண்டைக்கு நீங்க ஆருமில்லாம மீன் தண்ணிக்குள்ள கிடந்தீங்களே. அதுக்குப் பொறகு நீங்க பஸாருக்குப் போற நேரமெல்லாம் இவர் போன்ல பாத்து அவனுக்குச் சொல்லுவார். ஓட்டோ பேசி வைக்கிறன் எண்டா நீங்க சண்ட புடிப்பீங்க. உங்களோட நேர கதைக்க அவருக்கும் வெக்கம். நான் என்ன செய்ய?"

ஸுஹைறா இருக்கிற இடத்தைச் சொன்னாள். சீனி இறங்கினால் போட்டுக்கொள்ளப் பையில் வைத்திருந்த டொபியை வாயில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் றாஸிக்கின் ஓட்டோ வந்து நின்றது.

"வீட்டதானே சாச்சி?"

"முதல்ல போன் கடைக்கு விடு மனெ. மருமகனுக்குப் போன் எடுத்துச் சொல்லு, நான் சுகமா இரிக்கன். போன்ல அது சூட்டுல தானா நிண்டுபோச்சு எண்டும் சொல்லு."

பவிதரன் அவளை ஒருமாதிரிப் பார்த்தான். "திரும்பப் போட்டாச் சுடும் அக்கா. பற்றரியும் நிக்காது."

"சுடட்டும்" என்றாள் ஸுஹைறா. வழியில் எங்கேயும் சார்ஜ் முடிந்து மருமகனின் கண்ணுக்கு மறைந்துபோகாமல் இருக்க, ஒரு பவர் பேங்கும் வாங்கிக்கொண்டாள்.