ஆறாத தோள்

தோள் ஸ்கேன் என்றாலே அவளுக்குக் கொட்டாவி வரும். நாளெல்லாம் அதே வேலை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெயிண்டரின் வலது தோளில் ஜெல்லைத் தாராளமாகத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினாள். எலும்போடு தசையைப் பிணைக்கும் நாணில் இருந்த கிழிசல், போன தடவை பார்த்ததைவிடப் பெரிதாகியிருந்தது.

“கையைத் தூக்கி வேலை பாக்குறீங்களா?”

“பிரஷ்ஷத் தொட்டே ரொம்ப நாளாச்சும்மா.”

“அப்ப ஆறியிருக்கணுமே! இந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கிறீங்களா?”

“மல்லாக்கத்தான் படுப்பேன். என் வீட்டுக்காரிதான் இந்தத் தோள்ல தலை வச்சுப் படுப்பா. கல்யாணமான நாள்லேர்ந்தே அப்படித்தான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆறுற வரைக்கும் அவங்களைத் தலையணையில படுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா ஆபரேஷன்தான்.”

“சொல்லிப் பாத்துட்டேம்மா. உயிரோட இருந்தப்பவே கேக்க மாட்டா. இப்பவா கேக்கப்போறா?”

அவர் விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. அவள் கருவியை அதன் இடத்தில் மாட்டினாள். துடைப்பதற்கு டிஷ்யூவை உருவிக்கொண்டு திரும்பினாள்.

அவர் தோளில் இருந்த ஜெல்லில், கருவி இழுத்த கோடுகளுக்கு மேல், ஒரு காது பதிந்திருந்தது. கம்மலோடு.